தொடுமுன் கழுவிய கை

மறுமை நாளில் மனிதனுடைய வாய் அடைக்கப்பட்டு, அவனுடைய கையே அவனைப் பற்றிச் சாட்சி கூறும் நிலை வரும் என்பதை யாஸீன் ஸூராவைப் பொருளுணர்ந்து ஓதும் எவரும் அறிவர். அந்த இடத்தை ஓதும்போது திருடிய கை, லஞ்சம் வாங்கிய கை, எளியவனை அடித்த கை ஆகியவைதாம் நம் நினைவுக்கு வருகின்றன. கழுவாமல் ஒரு நோயாளியைத் தொட்ட கையும் அன்று பேசுமே என்ற எண்ணம் நம்மில் எத்தனை பேருக்கு வந்திருக்கின்றது?

நம் வீட்டுப் பெண்மக்கள் இப்போது நர்ஸிங் படிக்கச் செல்கின்றார்கள். வெள்ளை உடையும் முக்காடுமாகப் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பிள்ளைகளைப் பல ஊர்களிலும் காண்கின்றோம். அல்ஹம்துலில்லாஹ். இவர்களில் பலர் கொரோனாக் காலத்தில் மாணவிகளாக இருந்தவர்கள். 2020 மார்ச் 11-இல் உலக சுகாதார நிறுவனம் அந்நோயைக் கொள்ளைநோய் என்று அறிவித்தது. 2023 மே 5-இல்தான் அதற்கான உலகளாவிய அவசரநிலை முடிவுக்கு வந்ததாகச் சொன்னது. இடையில், 2021 மே மாதத் தொடக்கத்தில், இறுதித் தேர்வை எதிர்பார்த்திருந்த நர்ஸிங் மாணவ மாணவிகளையும் மூத்தோர் மேற்பார்வையில் கொரோனா வார்டுப் பணியில் ஈடுபடுத்தலாம் என்று நம் மத்திய அரசு அறிவித்தது. புத்தகத்தில் படித்த கை கழுவும் முறையும், கவச உடையை அணிந்து கழற்றும் ஒழுங்கும் அப்பிள்ளைகளுக்கு அப்போது உயிர்ப் பிரச்சினையாயின. தன் உயிர் மட்டுமன்று, வீட்டிலிருக்கும் உம்மம்மாவின் உயிரும் அதில் அடங்கியிருந்தது.

அந்நாள்களில் அவர்கள் கை கழுவியதற்குக் காரணம் பயம். பயம் நல்லதொரு காவல்காரன்தான். ஆனால் ஆபத்து நீங்கியதும் சம்பளம் கேட்காமலேயே போய்விடுவான். இன்று அந்தப் பயம் இல்லை. கழுவும் பழக்கம் இருக்கின்றதா? இதைத்தான் நாம் இங்கே கேட்க வந்தோம்.

உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நோயாளியருகே பணிபுரிவோர் கைகளைத் தூய்மை செய்யவேண்டிய ஐந்து தருணங்களைக் குறித்துள்ளது. நோயாளியைத் தொடுவதற்கு முன். ஊசி போடுதல், காயத்தைக் கட்டுதல் போன்ற சுத்தமான காரியம் ஒன்றைச் செய்வதற்கு முன். இரத்தம், சளி, சிறுநீர் போன்றவை கையில் பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின். நோயாளியைத் தொட்ட பின். அவருடைய கட்டில், மேசை முதலியவற்றைத் தொட்ட பின். ஐந்து என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு, "பார்த்தீர்களா, ஐவேளைத் தொழுகை!" என்று அதிசயம் பேச நாம் வரவில்லை. நாம் பார்க்கச் சொல்வது வேறொன்று. இந்த ஐந்தில் இரண்டு முன்னால் வருபவை, மூன்று பின்னால் வருபவை. மருத்துவமனைகளில் இதைக் கவனித்து ஆராய்ந்தவர்கள் பல நாடுகளிலும் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை என்னவென்றால், தொட்ட பின் கழுவுவோர் அதிகம். தொடுமுன் கழுவுவோர் குறைவு.

ஏன் இப்படி? தொட்ட பின் கழுவுவது தன்னைக் காத்துக்கொள்வதற்காக. அருவருப்பும் பயமும் அதற்குத் தூண்டுகின்றன. நப்ஸே கையைப் பிடித்து இழுத்துக் குழாயடிக்குக் கொண்டு செல்கின்றது. தொடுமுன் கழுவுவதோ பிறரைக் காப்பதற்காக. அதற்கு நப்ஸ் உதவாது. கட்டிலில் படுத்திருக்கும் அந்த மனிதர், "மகளே, கை கழுவினாயா?" என்று கேட்கவும் மாட்டார். மயக்கத்தில் இருப்பவர் எங்ஙனம் கேட்பார்? பிறந்து இரண்டு நாளான குழந்தை எங்ஙனம் கேட்கும்? கேட்க முடியாதவருடைய உரிமைக்குத்தான் மார்க்கத்தில் அமானத் என்று பெயர்.

தூய்மையைப் பற்றி நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை என்று சிலர் எண்ணுகின்றார்கள். 2020-இல் சில மேடைகளில், ஐவேளை ஒளூச் செய்பவனைக் கொரோனா அணுகாது என்றுகூடப் பேசினார்கள். அப்படிப் பேசியவர்கள் மார்க்கத்துக்கு நன்மை செய்யவில்லை. ஒளூ ஓர் இபாதத். அதற்கென நிய்யத்தும் பர்ளுகளும் முறைகளும் உள்ளன. தண்ணீரால் அது நிறைவேறிவிடும். கொரோனாக் கிருமியைச் சுற்றி இருப்பதோ கொழுப்பாலான ஓர் உறை. அதைச் சிதைப்பதற்குச் சோப்பு வேண்டும், தேய்ப்பு வேண்டும், நேரமும் வேண்டும். சோப்பும் தண்ணீருமாகக் கழுவும் முழுமுறைக்கு 40 முதல் 60 விநாடிகளும், சானிடைசர் கொண்டு தேய்க்கும் முறைக்கு 20 முதல் 30 விநாடிகளும் ஆகும் என்று நிர்ணயித்துள்ளார்கள். ஒளூவை வைத்துக்கொண்டு இதை வேண்டாம் என்பதும், இதைச் செய்துவிட்டு ஒளூ நிறைவேறிவிட்டது என்பதும் ஒரே வகை அறியாமை.

ஆயினும், ஒளூவோடு வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கல்வி எளிதாக வரவேண்டும் என்பது உண்மை. விரல்களின் இடுக்குகளைக் கோதிக் கழுவ வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். அவசரமாகக் கை கழுவுவோர் விட்டுவிடும் இடங்களில் விரலிடுக்கும் ஒன்று. கட்டைவிரலும் நகக்கண்ணும் மற்றவை. மோதிரத்தை அசைத்து அதன் அடியில் நீரைச் சேர்ப்பதும், நகத்தில் ஒட்டிய மாவை நீக்குவதும் நம் மதரஸாப் பிள்ளைகள் சிறுவயதிலேயே படிக்கும் மஸ்அலாக்கள். நகங்களை 40 நாள்களுக்கு மேல் விட்டுவைக்கக் கூடாதென்று அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக வந்துள்ளது. வார்டுக்குச் செல்லும் பிள்ளைக்கோ 40 நாள் என்பது எல்லையே அன்று. அவள் வாரந்தோறும் வெட்டுவதே முறை.

இவற்றினும் ஆழமான ஒரு போதனை உண்டு. தூங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் விடலாகாது என்று தடுத்த நாயகம் (ஸல்) அவர்கள், இரவில் தன் கை எங்கெங்கே சென்றிருந்தது என்பதை அவர் அறியமாட்டார் என்பதைக் காரணமாக எடுத்துரைத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ் இது. கையில் அழுக்குத் தெரிந்தால் கழுவு என்று சொல்லவில்லை. தெரியாமலிருப்பதே கழுவுவதற்குக் காரணம் என்றார்கள். ஒரு வார்டுக்குள் நுழையும் மாணவியின் கை கதவுப் பிடியை, செல்போனை, பிரஷர் பார்க்கும் கருவியை, நோயாளியின் பதிவேட்டைத் தொட்டிருக்கும். தன் கை எங்கெங்கே சென்றிருந்தது என்பதை அவளும் அறியமாட்டாள்.

கண்ணுக்குத் தெரியாததை அலட்சியம் செய்தால் என்ன நேரும் என்பதற்கு ஆஸ்திரியா நாட்டு வியன்னா நகரின் பெரிய மருத்துவமனை ஒரு சாட்சி. அங்கே பிரசவத்துக்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள். மற்றொன்றில் மருத்துவச்சிப் பயிற்சி பெறும் பெண்கள் பயின்றார்கள். 1846-ஆம் ஆண்டில் முதற் பிரிவில் 100 தாய்மார்களில் 11 பேருக்கு மேல் மாண்டார்கள். இரண்டாம் பிரிவில் மாண்டவர்கள் 3 பேருக்கும் குறைவு. காரணம் புரியவில்லை. காற்றின் கோளாறு என்றும், பயத்தினால் வருவது என்றும் பலவாறு பேசிக்கொண்டார்கள். அங்கே பணியாற்றிய ஸெம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர், பிணத்தை அறுத்த கத்தி பட்டு இறந்த தம் நண்பருடைய நோயும் அத்தாய்மார்களுடைய நோயும் ஒன்றே எனக் கண்டார். மருத்துவ மாணவர்கள் பிண அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்துகொண்டிருந்தார்கள். மருத்துவச்சி மாணவிகளுக்குப் பிண அறையில் வேலையில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்த மாணவர்கள் கை கழுவாதவர்கள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். சோப்பால் கழுவிவிட்டுத்தான் வந்தார்கள். பார்வைக்குச் சுத்தமாகவே இருந்தன அக்கைகள். 1847 மே மாதத்தில், பிரசவ அறைக்குள் செல்லுமுன் ஒவ்வொருவரும் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகளைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று அவர் கட்டளையிட்டார். ஏப்ரல் மாதத்தில் 100-க்கு 18-க்கு மேலிருந்த மரணம் ஜூன் மாதத்தில் 2 அளவுக்கு இறங்கியது. கிருமி என்ற ஒன்றை அவர் கண்டாரில்லை. பாஸ்டருடைய ஆராய்ச்சிகள் பின்னர் வந்தவை. இருந்தும் பெரிய மருத்துவர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. எங்கள் கை மரணத்தைச் சுமக்கும் கையா என்ற கௌரவம் குறுக்கே நின்றது. 1865-இல் மனநோய் விடுதி ஒன்றில் அவர் இறந்தார்.

அந்தக் கௌரவம் இன்றும் வார்டுகளில் உலவுகின்றது. கல்லூரியில் முறையாகக் கற்றுக்கொண்டு வரும் மாணவி, மூத்தவர்கள் கழுவாமல் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போவதைப் பார்க்கின்றாள். முதல் வாரம் ஆச்சரியப்படுகின்றாள். நான்காம் வாரம் அவளும் அப்படியே போகின்றாள். மேற்பார்வையாளர் குறிப்பேட்டோடு வந்து நின்றால் எல்லாருடைய கைகளும் கழுவப்படுகின்றன. அவர் போனதும் பழையபடியே. இஹ்ஸான் என்றால் என்ன என்று ஜிப்ரீல் (அலை) அவர்கள் வினவியபோது, அல்லாஹ்வை நேரில் காண்பது போன்று வணங்குவதும், நாம் காணாவிடினும் அவன் நம்மைக் காண்கின்றான் என்ற உணர்வோடு இருப்பதும் என்ற பொருளில் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்ததை நாம் எத்தனை பயான்களில் கேட்டிருக்கின்றோம்! இரவு இரண்டு மணிக்கு, யாரும் பார்க்காத வார்டில், தூக்கக் கலக்கத்தோடு சலைன் மாற்றப் போகும் பிள்ளை, போகுமுன் இருபது விநாடி நின்று கைகளைத் தேய்த்துக்கொள்வாளாயின், அவளிடத்தில் அந்த ஹதீஸ் உயிரோடு இருக்கின்றது.

கையுறை அணிந்தால் கழுவ வேண்டியதில்லை என்பது மாணவிகளிடம் பரவலாக உள்ள இன்னொரு தவறு. கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கலாம். கழற்றும்போது அதன் வெளிப்புறம் கையில் பட்டுவிடும். ஆதலால் அணியுமுன்பும் கழற்றிய பின்பும் கை தூய்மை செய்யப்பட வேண்டும். ஒரே கையுறையோடு நான்கு நோயாளிகளைத் தொடுவது, கழுவாத கையால் தொடுவதைப் போன்றதே. ஒளூச் செய்து அணிந்த தோலுறையின் மீது, காலுக்குப் பதிலாக மஸஹு செய்ய ஷரீஅத் அனுமதித்தது. கையுறையின் மீது மஸஹு செய்வதை நம் ஃபுகஹாக்கள் அனுமதிக்கவில்லை என்பதை ஃபிக்ஹு படித்தவர்கள் அறிவார்கள்.

மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் எழும் சில மஸ்அலாக்களைச் சொல்லிவிடுகின்றோம். சானிடைசரில் ஆல்கஹால் இருக்கின்றதே, அது நஜீஸ் அல்லவா என்று கேட்கின்றார்கள். பேரீத்தம்பழம், திராட்சை ஆகியவற்றிலிருந்து வராத ஆல்கஹாலை வெளியுபயோகத்துக்குக் கொள்ள ஹனஃபி மத்ஹபில் இடமுண்டு. போதைதரும் திரவத்தை நஜீஸ் என்று கொள்ளும் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோருக்கும் தேவையை முன்னிட்டு அனுமதி உண்டென்று இக்கால ஆலிம்கள் பலர் தீர்ப்பளித்துள்ளார்கள். 2002 ஜனவரியில் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு சபையும் கிருமிநாசினியாக ஆல்கஹாலை உபயோகிப்பதை அனுமதித்துள்ளது. சானிடைசர் தடவியதால் ஒளூ முறியாது.

மருதாணி நிறம் தண்ணீரைத் தடுக்காது. நகப்பூச்சு தடுக்கும், ஆகவே ஒளூவும் கூடாது. மருத்துவமனைகளும் நகப்பூச்சைத் தடுக்கின்றன. இந்த விஷயத்தில் வார்டுச் சட்டமும் ஃபிக்ஹுச் சட்டமும் ஒன்றாகிவிட்டன. கை கழுவ முழங்கைவரை சட்டைக் கையை ஏற்ற வேண்டியிருப்பது பல பிள்ளைகளுக்கு மனச்சங்கடம். ரொட்டி சுடுதல், துணி துவைத்தல் போன்ற வேலைகளில் பெண்ணின் முன்கை வெளிப்படுவதற்கு இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களைத் தொட்டு வரும் ஒரு கூற்றில் இடமளிக்கப்பட்டுள்ளது; உயிர் காக்கும் வேலை அதனினும் பெரிதன்றோ? பிரிட்டனில் 2010-இல் வந்த அரசு வழிகாட்டுதல், மார்க்கக் காரணத்துக்காகக் கையை மறைக்க விரும்புவோர் ஒருமுறை அணிந்து எறியும் மேலுறைகளை அணிந்துகொள்ள வழிவிட்டது. நம் கல்லூரிகளிலும் பெற்றோர் பணிவோடு கேட்டுப் பார்க்கலாம். நீண்ட கையை ஏற்றாமல் அதனோடே நோயாளிகளைத் தொட்டுக்கொண்டு போவது மட்டும் சரியன்று.

என்-95 முகக்கவசத்தின் ஓரம் தோலோடு ஒட்டி நிற்க வேண்டும். முக்காட்டுத் துணி இடையில் அகப்பட்டால் அந்த வழியே காற்று புகும்; கவசம் அணிந்தும் அணியாததாகிவிடும். முகக்கவசத்தோடு தொழுவது, தேவையிருக்கும்போது மக்ரூஹ் அன்று. கவச உடையைக் கழற்றும்போதுதான் கிருமி தொற்றும் ஆபத்து மிகுதி என்பதால் அவசரம் கூடாது; முகக்கவசத்தைக் கடைசியில் கழற்றிக் கைகளைத் தூய்மை செய்ய வேண்டும். தொழுகை நேரம் நெருங்குகின்றதே என்ற பதற்றத்தில் கண்டபடி கழற்றியவர்களும் உண்டு. கவசம் அணியுமுன் தொழ முடியுமா என்று பார்க்க வேண்டும். இயலாதபோது ஹனஃபி பிள்ளைகள் லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் முதல் நேரத்திலுமாகச் சேர்த்தாற்போல் தொழலாம். ஷாஃபிஈ பிள்ளைகள் தம் ஊர் ஆலிமிடம் தங்கள் பணி நேரத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நன்று.

2021 மே மாதத்தில் ஒரு தகப்பனார் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், கடைசி வருஷம் படிக்கிற பிள்ளையைக் கொரோனா வார்டுல போடப் போறாங்களாம். கூட்டிக்கிட்டு வந்துடலாம்னு பார்க்குறேன். கொள்ளைநோய் உள்ள ஊருக்குப் போகக் கூடாதுன்னு ஹதீஸே இருக்குதே?" என்றார். "ஹதீஸில் அதற்குப் பிறகும் ஒரு பாதி இருக்கிறது, பாய்" என்றோம். நோய் உள்ள ஊருக்குப் போகாதிருப்பது ஒரு பாதி. நாம் இருக்கும் ஊரில் நோய் வந்துவிட்டால் தப்பி ஓடாதிருப்பது மறுபாதி. ஏன் ஓடக் கூடாது? உடல்நலமுள்ளவர் எல்லாரும் கிளம்பிவிட்டால் படுத்திருப்பவருக்குத் தண்ணீர் கொடுக்கவும் ஆளிராது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் காரணம் எழுதியுள்ளார்கள். ஷாம் நாட்டில் பிளேக் என்று கேட்டு உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃக் என்ற இடத்திலிருந்து திரும்பிவிட்டார்கள். அபூஉபைதா (ரலி) அவர்களோ தம் படையினரோடு அங்கேயே இருந்து ஹிஜ்ரி 18-இல் அந்நோயிலேயே மறைந்தார்கள். திரும்பியவரும் தவறு செய்யவில்லை. இருந்தவரும் தவறு செய்யவில்லை. அவரவர் பொறுப்பு அப்படி.

"தவக்குல் வைக்கச் சொல்றீங்களா?" என்றார். தவக்குலும் வேண்டும், கவசமும் வேண்டும் என்றோம். உஹதுப் போரில் நாயகம் (ஸல்) அவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கவசங்கள் அணிந்திருந்தார்கள். அவர்களினும் தவக்குலில் சிறந்தவர் யார்? கொள்ளைநோயில் இறப்பவருக்கு ஷஹீதின் நற்பேறு உண்டென்பது நபிமொழி. அதற்காக முகக்கவசத்தைக் கழற்றி எறியச் சொல்வது, போர்க்களத்துக்குக் கேடயமின்றிப் போகச் சொல்வதைப் போன்றது. "கல்லூரியில் தரமான கவச உடையும் முகக்கவசமும் தருகிறார்களா என்று போய்க் கேளுங்கள். தராவிட்டால் அனுப்ப மறுப்பது உங்கள் உரிமை. தருகிறார்களென்றால் ஹதீஸைக் காட்டித் தடுக்காதீர்கள்" என்றோம்.

நம் பெண்களின் பிரசவத்துக்குப் பெண்ணே வேண்டும் என்று மருத்துவமனையில் சண்டை பிடிக்கின்றோம். நம் வீட்டுப் பெண் அந்தப் படிப்புக்குப் போகின்றேன் என்றால் முகம் சுளிக்கின்றோம். இது எந்த நியாயம்? மருத்துவம் பர்ளு கிஃபாயா என்று கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எழுதினார்கள். அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு, ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியின் கூடாரத்தில் சிகிச்சை நடந்தது. அக்கூடாரம் மஸ்ஜிதுந் நபவியை ஒட்டியே இருந்தது.

வீட்டாருக்கும் வேலை உண்டு. டியூட்டி முடிந்து வரும் மகள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, யாரையும் தொடாமல் நேரே குளியலறைக்குப் போகின்றாள். உம்மம்மா வருத்தப்படுகின்றார்கள்: "படிக்கப் போனதும் என் கையைப் பிடிச்சு ஸலாம் சொல்லக்கூட இவளுக்குக் கூசுது." கூச்சமில்லை உம்மா, அன்பு என்பதை வாப்பாதான் விளக்க வேண்டும். குளித்து உடை மாற்றி வந்து முஸாபஹா செய்தால் அது குறைந்துவிடாது. அவளுடைய சீருடையைத் தனி வாளியில் போட்டுச் சோப்பு நீரில் துவைக்க வேண்டும். குழந்தைகளின் துணியோடு சேர்க்க வேண்டாம். காய்ச்சலும் இருமலுமாக அவள் வந்திருக்கும் நாளில், சொந்தத்தில் கல்யாணம், நீ வராவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று இழுத்துச் செல்ல வேண்டாம். பிளேக் நோயில் தம் பெண்மக்கள் மூவரை இழந்த ஹாபிள் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 833-இல் கெய்ரோ மக்கள் துஆவுக்காகப் பெருங்கூட்டமாகத் திரண்டு சென்று வந்த பின், நாளொன்றுக்கு 40 அளவில் இருந்த மரணம் அம்மாத முடிவுக்குள் ஆயிரத்தைத் தாண்டியதைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார்கள். துஆவுக்கான கூட்டமே அப்படியென்றால் பிரியாணிக்கான கூட்டத்தைப் பற்றி என்ன சொல்ல!

அப்படியே, நோயாளிகளைத் தொடுபவள் என்று அவளுடைய தட்டையும் தம்ளரையும் காலமெல்லாம் ஒதுக்கி வைப்பதும், இவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் அதைச் சொல்லித் தட்டிக் கழிப்பதும் ஹராமான மனவேதனையைத் தருபவை. கழுவிய கை எவருடைய கையையும் போன்றதே. இரவு டியூட்டி முடிந்து சுபுஹுக்குப் பின் களைத்து வரும் பிள்ளைக்கு, அவள் வந்து இறங்குமுன்பே வெந்நீர் போட்டு வையுங்கள். சோப்பும் மாற்றுடையும் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். அவள் குளித்துவிட்டு வரும்வரை சின்னப் பிள்ளைகளை உள்ளே பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லாருமாக உட்கார்ந்து அவளோடு ஒரே ஸஹனில் பசியாறுங்கள்.